ஃபார்மட் செய்தும் போகாத வைரஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கணினியின் ஃபர்ம்வேருக்குள் ஒளிந்துகொள்ளும் தீநிரல்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். சில கடிதங்களில் அச்சம் அளவுக்கு மீறித் தெரிந்தது. வேறு சிலவற்றில் இப்படியெல்லாம் நடக்குமா என்ற அலட்சியம் தெரிந்தது. இரண்டுமே சரியல்ல என்பதால் சில பதில்களைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியதாயிற்று.

என் லேப்டாப்பில் விண்டோஸை மூன்று முறை அழித்துப் புதிதாக நிறுவிவிட்டேன். ஒவ்வொரு முறையும் நான் நிறுவாத ஒரு புரோகிராம் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. பழுதுபார்ப்பவர், "வைரஸ் பயாஸில் ஏறிவிட்டது, மதர்போர்டை மாற்றியே ஆக வேண்டும்" என்கிறார். இது உண்மையாக இருக்குமா?
– அலுவலக ஊழியர் ஒருவர்

அப்படியும் நடப்பதுண்டு. ஆனால் உங்கள் லேப்டாப்பில் அதுதான் நடந்திருக்கிறது என்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. மதர்போர்டுக்குப் பணம் கொடுக்கும் முன் சிலவற்றைச் சரிபார்த்துவிடுங்கள்.

கணினியை இயக்கியதும் முதலில் விழிப்பது விண்டோஸ் அன்று. மதர்போர்டில் எட்டுக் கால்களுடன் பொருத்தப்பட்டிருக்கும், பெரும்பாலும் 16 அல்லது 32 மெகாபைட் கொள்ளளவுள்ள ஒரு சிறிய ஃபிளாஷ் சிப்பில் இருக்கும் நிரலே முதலில் இயங்குகிறது. இதைத்தான் ஃபர்ம்வேர் என்கிறோம். தமிழில் நிலைப்பொருள் என்றும் எழுதுகிறார்கள். 1981-இல் ஐ.பி.எம். தனிநபர் கணினியுடன் வந்த பயாஸின் இடத்தை இப்போது யூ.இ.எஃப்.ஐ. என்னும் அமைப்பு பிடித்துக்கொண்டது என்றாலும், பேச்சில் இன்றும் அதைப் பயாஸ் என்றே சொல்கிறோம். நினைவகத்தைத் தயார்செய்து, விசைப்பலகை, திரை, வட்டு ஆகியவற்றைக் கண்டறிந்து, வட்டிலிருந்து இயங்குதளத்தை எடுத்து அதனிடம் பொறுப்பை ஒப்படைப்பது இதன் வேலை. வட்டை எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் இந்தச் சிப்பில் ஒரு எழுத்துகூட மாறாது. ஆகவே தீநிரல் அங்கே குடியேறிவிட்டால், வட்டையே கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தினாலும் அது திரும்ப வந்துவிடும். உங்கள் பழுதுபார்ப்பவர் சொல்வதற்கு அடிப்படை இதுதான்.

ஆனால் ஃபார்மட் செய்த பின்னும் ஒரு புரோகிராம் திரும்பி வருவதற்கு வேறு காரணங்கள் நிறைய உண்டு. மூன்று முறையும் ஒரே பென்டிரைவிலிருந்து, அதிலும் யாரோ கொடுத்த விண்டோஸ் பிரதியிலிருந்து நிறுவினீர்களா? உரிமம் இல்லாத மென்பொருளை இயக்குவதற்காக ஏதேனும் ஆக்டிவேட்டரை ஒவ்வொரு முறையும் ஓட்டினீர்களா? பழைய கோப்புகளைக் காப்புப் பிரதியிலிருந்து அப்படியே திரும்பக் கொண்டுவந்தீர்களா? பிரவுசரில் உங்கள் கணக்கைக் கொண்டு நுழைந்ததும் பழைய நீட்சிகள் எல்லாம் தாமாகவே வந்து சேர்ந்தனவா? நான் பார்த்தவரை, 'பயாஸ் வைரஸ்' என்று சொல்லப்பட்டவற்றின் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பலர் அறிவதில்லை. விண்டோஸ் 8 முதல், கணினித் தயாரிப்பாளரே தம் புரோகிராம் ஒன்றை ஃபர்ம்வேருக்குள் வைத்து, விண்டோஸ் தொடங்கும்போது அதை இயக்கச் செய்ய அனுமதிக்கும் ஒரு வசதியை மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கிறது. திருட்டுத் தடுப்புக்கும் டிரைவர் (வன்பொருளை இயக்க உதவும் நிரல்) நிறுவலுக்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள். வட்டைத் துடைத்து நிறுவிய விண்டோஸிலும் தயாரிப்பாளரின் புரோகிராம் தானாக முளைப்பது இதனால்தான். ஆகவே வந்து உட்காரும் புரோகிராமின் பெயரையும் அதில் யாருடைய டிஜிட்டல் கையொப்பம் உள்ளது என்பதையும் முதலில் பாருங்கள். தயாரிப்பாளருடையதாக இருந்தால் ஃபர்ம்வேர் அமைப்புகளுக்குள் சென்று அதை நிறுத்திவைக்கப் பல மாடல்களில் வழி உண்டு.

இந்த வசதியை நான் முழுமனத்தோடு ஆதரிக்கவில்லை. 2023 மே மாதம் எக்லிப்சியம் என்னும் பாதுகாப்பு நிறுவனம், கிகாபைட் நிறுவனத்தின் 271 மதர்போர்டு மாடல்களில் இப்படி ஃபர்ம்வேரிலிருந்து இறங்கும் புரோகிராம் ஒன்று, போதிய சரிபார்ப்பு இல்லாமல் இணையத்திலிருந்து வேறு நிரல்களை எடுத்து இயக்குவதைக் கண்டறிந்து வெளியிட்டது. கிகாபைட் அதற்குத் திருத்தம் வெளியிட்டது. தீய நோக்கம் எதுவும் இல்லாமலேயே, தீநிரல் நுழைவதற்கு ஏற்ற கதவு திறந்துவைக்கப்பட்டிருந்தது என்பதே இதில் கவலைக்குரிய செய்தி.

இத்தகைய தாக்குதல்கள் உண்மையில் நடந்திருக்கின்றனவா, அல்லது ஆய்வுக்கூடத்தில் மட்டும் சாத்தியமானவையா?
– கணினி அறிவியல் மாணவி ஒருவர்

நடந்திருக்கின்றன. மூத்த வாசகர்களுக்குச் செர்நோபில் வைரஸ் நினைவிருக்கலாம். தைவானில் 1998-இல் உருவான, சி.ஐ.எச். என்றும் அழைக்கப்பட்ட அந்த வைரஸ், 1999 ஏப்ரல் 26 அன்று பல நாடுகளில் விண்டோஸ் 95, 98 கணினிகளின் வட்டுத் தொடக்கத்தை அழித்ததோடு, முடிந்த இடங்களில் பயாஸ் சிப்பிலும் குப்பையை எழுதி மதர்போர்டைச் செயலற்றதாக்கியது. அதற்கு ஒளிந்திருக்கும் நோக்கம் இல்லை. அழிப்பது மட்டுமே நோக்கம். ஆனால் விண்டோஸுக்குள் ஓடும் ஒரு நிரலால் ஃபர்ம்வேர் சிப்பில் எழுத முடியும் என்பதை உலகம் முழுவதும் அன்று கண்டுகொண்டது. பின்னர் 2011-இல், அவார்டு நிறுவனத்தின் பயாஸில் ஒளிந்துகொண்டு வட்டைத் திரும்பத் திரும்பப் பீடித்த மெப்ரோமி என்னும் தீநிரல் சீனாவில் கண்டறியப்பட்டது.

இந்த வரலாற்றில் நீங்கள் ஊன்றிப் படிக்க வேண்டியது லோஜாக்ஸ். ஈசெட் என்னும் ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2018 செப்டம்பரில் இதை வெளிப்படுத்தினார்கள். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, மெய்யான தாக்குதலில் பயன்பட்ட யூ.இ.எஃப்.ஐ. ரூட்கிட் (கணினிக்குள் ஆழமாக ஒளிந்துகொள்ளும் தீநிரல்) ஒன்று கையும் களவுமாகப் பிடிபட்டது அதுவே முதல் முறை. பால்கன் பகுதியிலும் மத்திய, கிழக்கு ஐரோப்பாவிலும் உள்ள அரசு அமைப்புகளைக் குறிவைத்த இதன் பின்னணியில் இருந்தவர்கள், செட்னிட் என்றும் ஏ.பி.டி. 28 என்றும் அழைக்கப்படும் உளவுக் குழுவினர். லேப்டாப் திருடுபோனால் கண்டுபிடிப்பதற்காக விற்கப்பட்ட லோஜாக் என்னும் மென்பொருள், திருடன் வட்டை மாற்றினாலும் பிழைத்திருக்க வேண்டும் என்பதற்காக ஃபர்ம்வேருக்குள் ஒரு சிறு பகுதியை வைத்திருந்தது. அந்த உத்தியைத்தான் இந்தக் குழு எடுத்துக்கொண்டது. வன்பொருள் நிலையைப் படிக்க உதவும் ஓர் இலவசக் கருவியின் முறையாகக் கையொப்பமிட்ட டிரைவரைக் கொண்டு சிப்பின் உள்ளடக்கத்தை முழுவதும் படித்து, அதில் தன் பகுதியைச் செருகி, திரும்பவும் சிப்பில் எழுதியது. உற்பத்தியாளர் எழுதுதடையைச் சரியாகப் போடாத கணினிகளில் இது எளிதாக நடந்தது; தடை போடப்பட்ட சிலவற்றிலும் பழைய சிப்செட்டுகளில் (பிராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்புகளில்) முன்பே அறியப்பட்டிருந்த ஒரு குறையைப் பயன்படுத்தித் தடையை மீற முயன்றது. அதன்பின் கணினி ஒவ்வொரு முறை இயங்கும்போதும் விண்டோஸ் பகுதிக்குள் தீநிரலின் கோப்புகளை அதுவே மீண்டும் வைத்துவிடும்.

லோஜாக்ஸுக்குப் பின் இத்தகைய செய்திகள் அடிக்கடி வரத் தொடங்கின. 2020 அக்டோபரில் காஸ்பர்ஸ்கி என்னும் ஆன்டிவைரஸ் நிறுவனம் வெளிப்படுத்திய மொசைக்ரெக்ரஸர் என்னும் தீநிரல் ஒரு பழைய பாவத்தின் விளைவு. அரசுகளுக்கு உளவு மென்பொருள் விற்றுவந்த ஹேக்கிங் டீம் என்னும் இத்தாலிய நிறுவனத்திலிருந்து 2015-இல் கசிந்த நிரல்களே அதற்கு அடிப்படை. 2022 ஜனவரியில் மூன்பவுன்ஸ், அதே ஆண்டு ஜூலையில் காஸ்மிக்ஸ்ட்ராண்ட். கடைசியாகச் சொன்னது எச்81 சிப்செட் கொண்ட கிகாபைட், ஏசஸ் மதர்போர்டுகளில் காணப்பட்டது. பாதிக்கப்பட்டவர்கள் அரசு அலுவலர்கள் அல்லர், சீனா, வியட்நாம், ஈரான், ரஷ்யா ஆகிய நாடுகளில் இருந்த தனிநபர்கள் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். உளவாளிகளுக்கும் அமைச்சகங்களுக்கும் இடையே மட்டும் நடக்கும் விவகாரம் இது என்று சொல்லிவந்தவர்கள், நானும் அவர்களில் ஒருவன், அந்தக் கருத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

புதிதாக விண்டோஸ் நிறுவினால் சில பூட்கிட்டுகள் போய்விடும், சில போகாது என்று படித்தேன். ஏன் இந்த வேறுபாடு?
– பள்ளி ஆசிரியர் ஒருவர்

பூட்கிட் என்பது இயங்குதளம் தொடங்குவதற்கு முன்பே இயங்கும் தீநிரல். அதில் இரண்டு வகை உண்டு; இரண்டும் வெவ்வேறு இடங்களில் குடியிருப்பதால்தான் இந்த வேறுபாடு. யூ.இ.எஃப்.ஐ. கணினிகளில் வட்டின் ஒரு மூலையில், சாதாரணமாகக் கண்ணில் படாத ஒரு சிறு பகுதி உண்டு. இ.எஸ்.பி. எனப்படும் அந்தப் பகுதியில்தான் இயங்குதளத்தை ஏற்றும் பூட்லோடர் கோப்புகள் இருக்கின்றன. ஒரு வகைத் தீநிரல்கள் இந்தக் கோப்புகளை மாற்றுகின்றன அல்லது இவற்றின் பக்கத்தில் தம்முடையதை வைக்கின்றன. 2021-இல் வெளியான ஈஎஸ்பெக்டரும் 2023-இல் பெரிதும் பேசப்பட்ட பிளாக்லோட்டஸும் இந்த வகை. விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே இயங்குவதால் ஆற்றல் மிக்கவை. ஆனால் இருப்பிடம் வட்டு. ஆகவே வட்டிலுள்ள எல்லாப் பகுதிகளையும், சி டிரைவை மட்டுமன்றி இ.எஸ்.பி.யையும் சேர்த்து, நீக்கிவிட்டு நிறுவினால் அவையும் நீங்கும். பலர் சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்துவிட்டு வைரஸ் போகவில்லை என்று திகைப்பதற்கு இதுவும் காரணம்.

இன்னொரு வகை, முதல் பதிலில் சொன்ன சிப்பிலேயே இருப்பது. லோஜாக்ஸும் மூன்பவுன்ஸும் காஸ்மிக்ஸ்ட்ராண்டும் இதைச் சேர்ந்தவை. இவற்றை நீக்க அந்தச் சிப்பை மீண்டும் எழுதுவதே வழி.

என் கணினியில் செக்யூர் பூட் இயக்கத்தில் இருக்கிறது. இனி நான் கவலைப்பட வேண்டியதில்லை அல்லவா?
– வாசகர் ஒருவர்

செக்யூர் பூட்டை இயக்கி வைத்திருப்பது நல்லது, அதைத் தொடருங்கள். ஆனால் அது என்ன செய்கிறது, எங்கே தவறுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு தொடருங்கள்.

ஃபர்ம்வேர், தான் ஏற்றப்போகும் பூட்லோடரில் நம்பிக்கைக்குரிய சாவியால் இட்ட கையொப்பம் இருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லையென்றால் ஏற்ற மறுக்கிறது. அதோடு, ஒரு காலத்தில் கையொப்பம் பெற்று, பின்னர் குறை கண்டறியப்பட்ட கோப்புகளுக்கென ஒரு தடைப்பட்டியலும் இருக்கிறது. பிளாக்லோட்டஸின் தந்திரம் இந்தப் பட்டியலைச் சுற்றித்தான் இருந்தது. 2022 அக்டோபர் முதல் கள்ளச் சந்தை மன்றங்களில் 5,000 டாலருக்கு விலை பேசப்பட்ட இது, முழுமையாக அப்டேட் செய்த விண்டோஸ் 11-இலும் செக்யூர் பூட்டைத் தாண்டுகிறது என்று 2023 மார்ச்சில் ஈசெட் உறுதிசெய்தது. அது பயன்படுத்திய குறையை மைக்ரோசாஃப்ட் 2022 ஜனவரியிலேயே சரிசெய்துவிட்டது. பிறகு எப்படி? குறையுள்ள பழைய பூட்லோடரைத் தீநிரல் தன்னோடு எடுத்துவந்தது. அந்தப் பழைய கோப்பில் மைக்ரோசாஃப்டின் கையொப்பம் செல்லுபடியாகவே இருந்தது. தடைப்பட்டியலில் அதைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் உலகெங்கும் உள்ள பழைய நிறுவல் வட்டுகளும் மீட்பு வட்டுகளும் இயங்காமல் போகும் என்ற தயக்கமே காரணம். பூட்டை மாற்றியும் பழைய சாவியைத் திரும்ப வாங்காமல் விட்டதற்கு இது சமம். பழைய கோப்புகளைத் தடுக்கும் ஏற்பாட்டை 2023 மே முதல் படிப்படியாக, கவனத்தோடு கொண்டுவர வேண்டியிருந்தது.

குறை மைக்ரோசாஃப்டிடம் மட்டும் இல்லை. 2023 டிசம்பரில் பைனர்லி நிறுவனம் வெளியிட்ட லோகோஃபெயில் என்னும் குறைகளின் தொகுப்பு, கணினி தொடங்கும்போது தோன்றும் நிறுவனச் சின்னத்தைக் காட்டும் நிரலில் இருந்தது. கெடுநோக்கோடு அமைத்த ஒரு படத்தை அந்தச் சின்னத்தின் இடத்தில் வைத்தால் போதும், சரிபார்ப்புகளுக்கு முன்பே தாக்குபவரின் நிரல் இயங்கிவிடும். 2024 ஜூலையில் அதே நிறுவனம் வெளிப்படுத்திய பி.கே.ஃபெயில் என்னும் குறை எனக்கு இன்னும் வருத்தம் தந்தது. சோதனைக்காக மட்டும் கொடுக்கப்பட்ட, 'நம்ப வேண்டாம்' என்று ஆங்கிலத்தில் பெயரிலேயே எழுதியிருந்த சாவியை, பல உற்பத்தியாளர்கள் மாற்றாமலே கணினிகளை விற்றிருந்தார்கள். செக்யூர் பூட்டின் தலைமைச் சாவியே அதுதான்.

ஆகவே செக்யூர் பூட் இயங்கினால் மட்டும் போதாது. ஃபர்ம்வேரும், தடைப்பட்டியலும், சான்றிதழ்களும் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2011-இல் வழங்கிய செக்யூர் பூட் சான்றிதழ்கள் 2026 ஜூன் முதல் காலாவதியாகத் தொடங்குவதால், 2023-இல் வழங்கப்பட்ட புதிய சான்றிதழ்கள் உங்கள் கணினிக்கு வந்து சேர, விண்டோஸ் அப்டேட்டையும் தயாரிப்பாளரின் அப்டேட்டையும் நிறுத்திவைக்காதீர்கள். நிலையை அறிய, ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்து, பயாஸ் மோடு என்ற வரியில் யூ.இ.எஃப்.ஐ. என்றும் செக்யூர் பூட் ஸ்டேட் என்ற வரியில் ஆன் என்றும் இருக்கிறதா எனப் பாருங்கள்.

"பயாஸ் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் அதைத் தொடாதே" என்றுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இப்போது அப்டேட் செய்யச் சொல்கிறீர்களே?
– ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர்

அந்த அறிவுரை ஒரு காலத்துக்குப் பொருந்தியது. எழுதும் நடுவில் மின்சாரம் போனால் மதர்போர்டே வீணாகும் நிலை அப்போது இருந்தது. அப்டேட்டில் பெரும்பாலும் புதிய பிராசசருக்கான ஆதரவைத் தவிர வேறொன்றும் இராது. நானும் பல ஆண்டுகள் அதையே சொல்லிவந்தேன். இப்போது வரும் அப்டேட்டுகளில் மேலே சொன்னவை போன்ற குறைகளுக்கான திருத்தங்கள் இருக்கின்றன. பல மதர்போர்டுகளில், எழுதுவது பாதியில் நின்றாலும் மீட்டெடுக்கும் ஏற்பாடு உண்டு. அப்டேட் கோப்பில் தயாரிப்பாளரின் கையொப்பம் இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகே எழுத அனுமதிக்கும் முறையும் பரவிவிட்டது. ஆகவே அந்தப் பழைய அறிவுரையை நான் கைவிட்டுவிட்டேன், நீங்களும் கைவிடலாம்.

செய்யும் முறையில் மட்டும் நிதானம் தேவை. கோப்பைத் தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்தோ விண்டோஸ் அப்டேட் வழியாகவோ மட்டும் பெறுங்கள். தேடுபொறியில் முதலில் தோன்றும் டிரைவர் தொகுப்புத் தளங்களை நாடாதீர்கள். மாடல் பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு மதர்போர்டு. லேப்டாப் என்றால் சார்ஜரைப் பொருத்திவிட்டுத் தொடங்குங்கள். வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள்; மீட்புச் சாவியை வேறோர் இடத்தில் எழுதியும் வையுங்கள். ஃபர்ம்வேர் மாறியதை, சாவிகளைக் காக்கும் டி.பி.எம். சிப் உணர்ந்ததும் வட்டின் சாவியைத் தர மறுக்கும். அதன் வேலையே அதுதான். மீட்புச் சாவி இல்லாமல் அந்தத் திரையின் முன் உட்கார்ந்து, பல வருடக் கோப்புகளை இழந்தவர்களை நான் அறிவேன்.

ஃபர்ம்வேர் அப்டேட்டே வராத அளவுக்குப் பழைய கணினியாக இருந்தால், வங்கிக் கணக்கு, அலுவலக ஆவணம் போன்றவற்றை அதில் வைத்துக்கொள்ளாமல் இருப்பதே என் பரிந்துரை.

நான் லினக்ஸ் பயன்படுத்துகிறேன். இந்தத் தொல்லை எனக்கு இல்லைதானே?
– வாசகர் ஒருவர்

சிப்புக்கு உங்கள் இயங்குதளம் எது என்பது முக்கியமன்று. 2020 ஜூலையில் வெளியான பூட்ஹோல் என்னும் குறை, லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள கிரப் பூட்லோடரிலேயே இருந்தது. 2024 நவம்பரில் லினக்ஸைக் குறிவைத்த முதல் யூ.இ.எஃப்.ஐ. பூட்கிட்டாகப் பூட்கிட்டி என்ற ஒன்று வெளிவந்தது. அது கொரிய மாணவர்களின் பயிற்சித் திட்டம் என்று பின்னர் தெரிந்தாலும், வழி இருக்கிறது என்பதை அது காட்டிவிட்டது. உங்களுக்கு ஒரு வசதி உண்டு. எஃப்.டபிள்யூ.அப்டி என்னும் சேவை வழியாகப் பல தயாரிப்பாளர்களின் ஃபர்ம்வேர் அப்டேட்டுகள் நேராகவே கிடைக்கும். கணினியின் ஃபர்ம்வேர் பாதுகாப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் அது ஆராய்ந்து சொல்லும்.

ஆன்டிவைரஸ் இதைக் கண்டுபிடிக்காதா?
– இல்லத்தரசி ஒருவர்

சில கண்டுபிடிக்கும். ஈசெட் 2017 முதலும், மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரின் நிறுவனப் பதிப்பு 2020 முதலும் ஃபர்ம்வேரைப் படித்துப் பார்க்கும் வசதியைக் கொண்டிருக்கின்றன, காஸ்பர்ஸ்கியிலும் உண்டு. ஆனால் தனக்கு முன்பே எழுந்து, தான் காணும் உலகத்தையே மாற்றி அமைக்கக்கூடிய ஒன்றைத் தேடுவது கடினமான வேலை. ஆகவே ஆன்டிவைரஸின் பெரிய பயன், தீநிரல் சிப்பைச் சென்றடைவதற்கு முந்தைய கட்டத்தில்தான் இருக்கிறது.

இதைச் சற்று விளக்க வேண்டும். மேலே சொன்ன தீநிரல்களுள் எப்படி நுழைந்தன என்று தெளிவாகத் தெரிந்தவற்றைப் பார்த்தால், சிப்பில் எழுதுவதற்கோ இ.எஸ்.பி.யை மாற்றுவதற்கோ முதலில் அவற்றுக்கு விண்டோஸில் அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி தேவைப்பட்டது. அந்த அனுமதியை வழக்கமான வழிகளில்தான் பெற்றார்கள்: மின்னஞ்சலில் வந்த இணைப்பு, கள்ளப் பிரதி மென்பொருள், திருத்தப்படாத பழைய குறை. வங்கிக் கணக்குகளைத் திருடிவந்த டிரிக்பாட் என்னும் தீநிரல், 2020-இல் கணினியின் ஃபர்ம்வேர் எழுதத்தக்க நிலையில் திறந்திருக்கிறதா என்று சோதிக்கத் தொடங்கியபோதும், அது கணினிக்குள் வந்த வழி பழைய மின்னஞ்சல் வழியாகவே இருந்தது. அன்றாட வேலைக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அல்லாத கணக்கைப் பயன்படுத்துங்கள். அனுமதி கேட்டு எழும் பெட்டியில், எதற்கு என்று தெரியாமல் 'யெஸ்' அழுத்தாதீர்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷன் பகுதிக்குச் சென்று மெமரி இன்டெக்ரிட்டியையும், குறையுள்ள டிரைவர்களைத் தடுக்கும் பட்டியலையும் இயக்குங்கள். லோஜாக்ஸ் சிப்பை எட்டியது ஒரு டிரைவர் வழியாகத்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த ஒரு சொடுக்கின் மதிப்பு விளங்கும்.

பயாஸுக்குப் பாஸ்வேர்ட் போடுவதால் பயன் உண்டா?
– வாசகர் ஒருவர்

உண்டு. உங்கள் கணினியைக் கையில் எடுப்பவர் செக்யூர் பூட்டை அணைப்பதையும் பென்டிரைவிலிருந்து வேறு இயங்குதளத்தைத் தொடங்குவதையும் அது தடுக்கும். விண்டோஸுக்குள்ளிருந்து வரும் தாக்குதலை அது தடுக்காது. பாஸ்வேர்டை மறந்தால் பல லேப்டாப்புகளில் தயாரிப்பாளரிடமே செல்ல வேண்டியிருக்கும், எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

மதர்போர்டைத் தவிர வேறு பாகங்களிலும் ஒளிய முடியுமா?
– கல்லூரி மாணவர் ஒருவர்

முடியும். வட்டு, பென்டிரைவ், நெட்வொர்க் கார்டு, ரவுட்டர் ஆகிய ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிறு கணினியும் அதற்கொரு ஃபர்ம்வேரும் இருக்கின்றன. ஈக்வேஷன் என்று பெயரிடப்பட்ட குழுவினர் பல முன்னணி நிறுவனங்களின் ஹார்டு டிஸ்க் ஃபர்ம்வேரையே மாற்றி எழுதும் கருவியை வைத்திருந்ததைக் காஸ்பர்ஸ்கி 2015 பிப்ரவரியில் வெளியிட்டது. அது மிக அரிதாக, தேர்ந்தெடுத்த இலக்குகள்மீது மட்டுமே பயன்பட்டது. 2014-இல் கார்ஸ்டன் நோல், யாகோப் லெல் ஆகிய ஆய்வாளர்கள், பென்டிரைவின் உள் நிரலை மாற்றி அதை ஒரு விசைப்பலகையாக நடிக்கவைக்கலாம் என்று செய்துகாட்டினார்கள். அப்படி நடிக்கும் பென்டிரைவ், நீங்களே தட்டச்சு செய்வதுபோல் கணினிக்குக் கட்டளைகளை அனுப்பும். அந்த மாற்றத்தை ஃபார்மட்டால் நீக்க முடியாது. ஆகவே வழியில் கிடந்த பென்டிரைவைச் சொருகிப் பார்க்காதீர்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கு நான் அதிகம் அஞ்சுவது ரவுட்டரை நினைத்துத்தான். 2018 மே மாதம் வெளிச்சத்துக்கு வந்த வி.பி.என்.ஃபில்டர் என்னும் தீநிரல், குறைந்தது 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் ரவுட்டர்களையும் சேமிப்புக் கருவிகளையும் பீடித்திருந்தது. அணைத்துப் போட்டாலும் அதன் முதல் பகுதி நீங்காது. தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்க வேண்டும். ரவுட்டரின் இயல்பான பாஸ்வேர்டை மாற்றி, அதன் ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இதற்கு அரை மணி நேரம் போதும்.

பழைய கணினி ஒன்றை வாங்கப்போகிறேன். என்ன செய்ய வேண்டும்?
– சுயதொழில் செய்பவர் ஒருவர்

வாங்கிய அன்றே, அதில் எந்தக் கணக்கைக் கொண்டும் நுழைவதற்கு முன், ஃபர்ம்வேரைத் தயாரிப்பாளரின் புதிய பதிப்புக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே புதிய பதிப்பு என்று காட்டினாலும், மாடல் அனுமதித்தால் அதையே மீண்டும் எழுதுங்கள். பிறகு அமைப்புகளை இயல்புநிலைக்குத் திருப்பி, செக்யூர் பூட் சாவிகளையும் தொழிற்சாலை நிலைக்கு மீட்டு, வட்டிலுள்ள எல்லாப் பகுதிகளையும் நீக்கிவிட்டு, வேறொரு நம்பகமான கணினியில் நீங்களே உருவாக்கிய பென்டிரைவிலிருந்து இயங்குதளத்தை நிறுவுங்கள். திருட்டுத் தடுப்பு மென்பொருள் முந்தைய உரிமையாளரின் பெயரில் இயக்கத்தில் இருக்கிறதா என்றும் ஃபர்ம்வேர் அமைப்புகளில் பார்த்துவிடுங்கள்.

நான் கணினிப் பழுதுபார்ப்பவன். ஒரு மதர்போர்டின் ஃபர்ம்வேரில் தீநிரல் இருக்கலாம் என்று மெய்யாகவே ஐயம் வந்தால், எப்படிச் சோதிப்பது, எப்படிச் சுத்தம் செய்வது?
– தொழில்நுட்பர் ஒருவர்

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. முதல் கடிதத்தில் உள்ளது போன்ற நிலைமைக்கு உங்கள் கையில்தான் விடை இருக்கிறது.

ஐயத்துக்குரிய கணினியின் இயங்குதளத்துக்குள்ளிருந்து எடுத்த பிரதியை நம்பாதீர்கள். இயங்குதளத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் தீநிரல் பொய்யான உள்ளடக்கத்தைக் காட்டக்கூடும். மின் இணைப்பையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, சி.எச்.341ஏ போன்ற வெளிப் புரோகிராமரையும் (சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் கருவி) கிளிப்பையும் கொண்டு சிப்பை நேராகப் படியுங்கள். சிப் 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று அதன் எண்ணைக் கொண்டு முன்பே உறுதிசெய்யுங்கள்; மலிவான சில புரோகிராமர்கள் தரவுக் கால்களில் 5 வோல்ட்டைச் செலுத்துவதும் உண்டு. இருமுறை படித்து இரண்டும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். வேறுபட்டால் கிளிப் சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள்.

இந்தப் பிரதியைத் தயாரிப்பாளரின் அதே பதிப்புக் கோப்போடு ஒப்பிடும்போது முழுக் கோப்பின் ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) பொருந்தாது. அதைக் கண்டு தீநிரல் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அமைப்புகள் சேமிக்கப்படும் பகுதி கணினிக்குக் கணினி மாறும். தயாரிப்பாளர் தரும் கோப்பில் கூடுதல் தலைப்பும் இருக்கலாம். யூ.இ.எஃப்.ஐ.டூல் போன்ற கருவியில் இரண்டையும் திறந்து, நிரல் தொகுதிகளை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். தயாரிப்பாளரிடம் இல்லாத ஒரு தொகுதி கூடுதலாக இருந்தாலோ, ஒரே பெயருடைய தொகுதி உள்ளடக்கத்தில் மாறியிருந்தாலோதான் ஐயம் வலுப்படும். மூன்பவுன்ஸ் புதிய தொகுதி எதையும் சேர்க்காமல், இருந்த ஒன்றையே மாற்றியது. ஆகவே தொகுதிகளின் எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்.

திரும்ப எழுதும்போது, வேறொரு கணினியிலிருந்து எடுத்த பிரதியை அப்படியே இறக்கும் பழக்கம் நம் தொழிலில் உண்டு. அதைத் தவிருங்கள். வரிசை எண், நெட்வொர்க் முகவரி, விண்டோஸ் உரிமச் சாவி, இன்டெல் மேனேஜ்மென்ட் எஞ்சினின் அமைப்பு ஆகியவை அந்தந்தக் கணினிக்கே உரியவை. பழைய பிரதியிலிருந்து இவற்றைக் காத்துக்கொண்டு, நிரல் பகுதியை மட்டும் தயாரிப்பாளரின் தூய கோப்பிலிருந்து எழுதுங்கள். மதர்போர்டில் ஃபிளாஷ்பேக் பொத்தான் இருந்தால் வேலை இன்னும் எளிது; பிராசசர் இயங்காமலேயே அது சிப்பை எழுதிவிடும். இன்டெல் பூட்கார்டு இயங்கும் பலகைகளில், மாற்றப்பட்ட தொடக்கப் பகுதியைப் பிராசசரே ஏற்க மறுத்துக் கணினி எழாமல் நின்றுவிடக்கூடும். அப்போது பலகை கெட்டுவிட்டது என்று எண்ணாமல் எழுதியதைச் சரிபாருங்கள்.

சிப்பை எழுதி முடித்த பிறகே வட்டைத் துடையுங்கள். வரிசை மாறினால் உழைப்பு வீண். நீங்கள் முதலில் எடுத்த அந்தப் பிரதியை அழித்துவிடாமல் தனியே வைத்திருங்கள். அதில் மெய்யாகவே அறியாத தொகுதி இருந்தால், வாடிக்கையாளரின் ஒப்புதலோடு ஆன்டிவைரஸ் நிறுவனம் ஒன்றின் ஆய்வுப் பிரிவுக்கு அனுப்புங்கள். காஸ்மிக்ஸ்ட்ராண்டின் பழைய வடிவம் ஒன்றை 2017-இலேயே சீனாவின் சீஹூ 360 நிறுவனம் ஆராய்ந்தது. பழைய மதர்போர்டு ஒன்றை வாங்கிய ஒருவர், தன் கணினியில் யாரோ புதிய பயனர் கணக்கு உருவாக்கியிருப்பதைக் கண்டு புகார் செய்ததிலிருந்தே அந்த ஆய்வு தொடங்கியது.